வெள்ளாட்டுத் தோலில் ஒரு வம்ச வரலாறு

மிஸ் டன்லப் அந்தப் பெட்டியைத் திறந்தபோது மாணவர்கள் நாங்கள் ஆறு பேரும் மேசையைச் சுற்றி மூச்சுக் காட்டாமல் நின்றுகொண்டிருந்தோம்.

ஸ்காட்லாந்தில் நான் வேதம் படிக்கப் போன கல்லூரியின் நூலகம் அது. முழுக்கக் கல் கட்டடம். மூலையில் கரி அடுப்பு எரிந்தாலும் அதன் சூடு எங்கள் முழங்காலுக்கு மேல் ஏறாது. வெளியே மழையா பனியா என்று தீர்மானம் செய்யாத ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

மிஸ் டன்லப் நூலகத்துக்குப் பொறுப்பாளர். நாற்பது வயது இருக்கும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று சீனியர் மாணவர்கள் எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பார்க்கலாம். தொடக் கூடாது. தொட்டவர் இந்த அறைக்குள் மறுபடி வர முடியாது" என்றார்.

பெட்டிக்குள் இருந்தது கையால் எழுதிய ஒரு சுவிசேஷப் புத்தகம். கிரேக்க மொழி. அச்சு யந்திரம் என்று ஒன்று உலகத்தில் தோன்றுவதற்குப் பல தலைமுறைக்கு முன்பு, கிழக்கே எங்கோ ஒரு மடத்தில், யாரோ ஒரு துறவி உட்கார்ந்து எழுதியது. எழுத்துகள் பழுப்பு நிறம். தலைப்பெழுத்து மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு இன்னும் ஈரம் காயாததுபோல இருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை வேதம் என்றால் கறுப்பு அட்டை போட்டு, பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அச்சடித்து, பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும் பொருள் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. ஒரு மனிதன் கை வலிக்க வலிக்க எழுதியிருக்கிறான், நடுவில் இருமியிருப்பான், குளிரில் விரலை ஊதிக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மிஸ் டன்லப் ஒரு பக்கத்தை எலும்புத் தகட்டால் மெல்லப் புரட்டினார். அந்த ஏடு படபடவென்று ஒரு சத்தம் போட்டது. காகிதம் அப்படிச் சத்தம் போடாது. அந்தச் சத்தத்தோடு கூடவே ஒரு வாடையும் வந்தது.

எனக்குத் தெரிந்த வாடை.

அடுத்து என்ன நடந்தது என்று கேட்டால், நான் செய்தேன் என்று சொல்வதைவிட என் கை செய்தது என்று சொல்வதே நியாயம். வலது கை முதுகுப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அந்த ஏட்டின் ஓரத்தைப் பிடித்து ஒரு தரம் தேய்த்துப் பார்த்தன. நான் குனிந்து முகர்ந்தேன். பிறகு அந்த விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் டன்லப் புத்தகத்தை மூடிவிட்டார்.

"வெளியே போங்கள், மிஸ்டர் சாமுவேல்."

தப்பு சின்னான் மகன்

அந்த வாடை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால், கப்பலைத் திருப்பிக்கொண்டு ஏற்காட்டுக்கு வர வேண்டும்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மிஷன் பள்ளியைப் பற்றி மூன்று வாரம் எழுதினேன். கடலைப் பற்றி இரண்டு வாரம் எழுதினேன். அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சேலத்திலிருந்து ஒரு வாசகர் அதைக் குத்திக் காட்டிக் கடிதம் போட்டிருந்தார். நல்ல கண் அவருக்கு.

அப்பாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் யோசேப்பு. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர் பாதிரியார் ஒருவர்தான். எங்கள் காப்பி எஸ்டேட் முழுக்க அவர் தப்பு சின்னான். பொழுது விடிவதற்கு முன் கூலிக்காரர்களின் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் நின்று தப்புப் பறை அடித்து ஆட்களை வேலைக்கு எழுப்புவது அவர்தான். அப்புறம் மற்றவர்களோடு சேர்ந்து அவரும் காப்பிக் காட்டுக்குள் இறங்கிவிடுவார்.

தப்புக்குத் தோல் கட்டுவதும் அவரேதான். எங்கள் எஸ்டேட் தப்புக்கு மட்டும் இல்லை. மாரமங்கலம், வாழவந்திப் பக்கம் கோயில் நோம்பி, அதாவது திருவிழா வந்தால் மலைக்காரர்கள் மேளங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வருவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பாறைமேல் வைத்துவிட்டு நாலு எட்டுத் தள்ளி நிற்பார்கள். அப்பா போய் எடுத்துக்கொள்வார்.

"ஏனுங்க சின்னா, வெள்ளிக்கெழமைக்குள்ள ஆயிருமுங்களா?"

"ஆயிருமுங்க. வெய்யிலு மட்டும் ஏமாத்தாம இருக்கோணுமுங்க."

மரியாதைக்குக் குறைவே இருக்காது. அந்த நாலு எட்டும் குறையாது.

லயத்துக்குப் பின்னால் சுண்ணாம்புக் குழி. தோலை அதில் ஊறப் போட்டு, மயிரை வளைந்த கத்தியால் வழித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காய வைப்பார். காய்ந்ததும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓரத்தைப் பிடித்துத் தேய்ப்பார். முகர்ந்து பார்ப்பார். திருப்தியாக இருந்தால் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இந்த மூன்றும் இதே வரிசையில் நடக்கும். ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்.

சித்திரை மழைக்குப் பிறகு காப்பி பூக்கும்போது மலை முழுக்க மல்லிகை வாசம் அடிக்கும். துரைமார்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் சுண்ணாம்பும் தோலும். அது என் சட்டையில் இருந்தது, தலைமுடியில் இருந்தது. மிஷன் பள்ளியில் நான் உட்கார்ந்தால் அதே பெஞ்சில் இருக்கும் பையன்கள் ஒவ்வொருவராக நகர்ந்துகொண்டே போவார்கள். கோடியில் இருக்கிறவன் ஒரு நாள் கீழே விழுந்தான். அதற்கும் எனக்குத்தான் அடி.

அந்த வாடையிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் நான் படித்தேன். தேவ அழைப்பு என்று மேடையில் சொல்லியிருக்கிறேன். அதுவும் இருந்தது. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது.

அடிவாரத்தில்

சேலத்தில் ஹைஸ்கூல், சென்னையில் காலேஜ் எல்லாம் முடிந்து, வெளிநாட்டில் வேதம் படிக்க மிஷனில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். மனுவில் ஒரு கோடு இருந்தது: தகப்பனாரின் தொழில்.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, காப்பி எஸ்டேட்டில் கிளார்க் என்று எழுதினேன். எங்கள் எஸ்டேட் கிளார்க்கை ரைட்டர் என்போம். சபாபதி ரைட்டர். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, காதோரம் பேனா. எழுதும்போது என் கண்முன் நின்றவர் அவர்தான். எங்களை நன்றாகத் தெரிந்த பழைய பாதிரியார் ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு நான் எழுதியதே வேதவாக்கு.

புறப்பட்ட நாளன்று அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, குறுக்குப் பாதையில் இறங்கி அடிவாரம் வரை வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"அங்க குளுரு நொம்பவாம் கண்ணு. பழைய பாதிரியாரு சொல்லியிருக்காரு. தலைக்குத் துணி கட்டாம வெளிய போயிராத."

அடிவாரத்தில் புதுப் பாதிரியாருடைய கார் நின்றுகொண்டிருந்தது. அதில் சேலத்துக்காரப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான், என்னை ரயிலேற்றிவிட வந்தவன். பெட்டியை இறக்கி வைத்த அப்பாவைப் பார்த்துவிட்டு, "கூலி ஆளா? ஏதாவது கொடுக்கணுமா?" என்று என்னிடம் கேட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கணம்தான். தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"போயிட்டு வாங்க சாமி" என்றார்.

என்னைப் பெற்றவர் எனக்கு 'ங்க' போட்டுப் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கார் கிளம்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பொய் சொல்வது சுலபமாகிவிட்டது. கப்பலில் சொன்னேன். கல்லூரி விருந்தில் சொன்னேன். பிரின்ஸிபால் வீட்டில் தேநீர் குடிக்கும்போது சொன்னேன். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் மறுதலித்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை என்று தைரியமாக இருந்தேன்.

இரண்டு விரல்

நூலகத்திலிருந்து வெளியேறிய மறுநாள் காலை பிரின்ஸிபால் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மிஸ் டன்லப்பும் இருந்தார். நூலகத்துக்குள் போக முடியாவிட்டால் படிப்பு நின்றுபோகும். படிப்பு நின்றால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் ஒருவனை அப்படித்தான் அனுப்பினார்கள். அவன் செய்தது இதைவிடச் சின்னத் தப்பு.

"ஏன் தொட்டீர்கள்?" என்று பிரின்ஸிபால் கேட்டார்.

"எங்கள் ஊர்ப் பழக்கம், ஐயா. புனிதமான பொருளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்."

அது உண்மைதான். பிரின்ஸிபால் முகம் கொஞ்சம் இளகியது. பக்தியால் செய்த பிழை, மன்னித்துவிடலாம் என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது. அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

மிஸ் டன்லப் விடவில்லை. "கண்ணில் ஒற்றிக்கொண்டது புரிகிறது. அதற்கு முன்னால் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தீர்கள். முகர்ந்தீர்கள். அது பக்தி இல்லை. சந்தையில் துணி வாங்குகிறவர்கள் அப்படிப் பார்ப்பார்கள். நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?"

பிரின்ஸிபால் மேசைமேல் என் மனு திறந்து கிடந்தது. நான் பொய் எழுதிய கோடு எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

இன்னொரு பொய் நாக்கின் நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் நேற்றுப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. இரவெல்லாம் அதே நினைப்பு. எந்த வாடைக்காகப் பெஞ்சில் பையன்கள் நகர்ந்து உட்கார்ந்தார்களோ, அதே வாடை தேவனுடைய வசனத்தின் அடியிலிருந்து வருகிறது. வசனத்தை எழுதியவன் உட்காருவதற்கு முன்னால் இன்னொருவன் சுண்ணாம்புக் குழி ஓரத்தில் நின்று தோலை வழித்திருக்கிறான். அவனுக்கும் கை வெடித்திருக்கும். அவன் பிள்ளைக்கும் சட்டையில் வாடை இருந்திருக்கும். அவன் இல்லாவிட்டால் துறவி எதில் எழுதியிருப்பான்? எனக்குப் பயமாகக்கூட இருந்தது, அவ்வளவு பெரிய விஷயம் அது. அதற்கு முன்னால் நின்றுகொண்டு மறுபடியும் கிளார்க் மகன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அது வெள்ளாட்டுத் தோல்" என்றேன்.

"செம்மறி என்று எங்கள் அட்டவணையில் இருக்கிறது" என்றார் மிஸ் டன்லப்.

"இல்லை அம்மா. வெள்ளாடு. மயிர்க்கால் வரிசை வேறு மாதிரி இருக்கும். குட்டியும் இல்லை, வயதான ஆடு. ஓரத்தில் உண்ணி கடித்த தழும்பு இருக்கிறது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அப்பா தோல் வேலை செய்கிறவர்" என்றேன். "அவர் கிளார்க் இல்லை. அந்த மனுவில் இருப்பது பொய்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

யார் யாருக்கு மகன்

பிரின்ஸிபால் நீதிமான். அதில் ஒரு சிரமம் உண்டு, நீதிமான்களுக்குக் கோபம் சீக்கிரம் வராது, வந்தால் சீக்கிரம் போகாது. உண்மையை என் கையாலேயே எழுதி மிஷன் கமிட்டிக்கு அனுப்பச் சொன்னார். பதில் வரும்வரை இருக்கலாம், அவர்கள் போகச் சொன்னால் போக வேண்டியதுதான் என்றார்.

"ஆனால் நீங்கள் மறுத்தது என்னை இல்லை. உங்கள் தகப்பனை. அதற்கு மன்னிப்புக் கொடுக்க எனக்கும் உரிமை இல்லை, கமிட்டிக்கும் இல்லை. அவருக்கு எழுதுங்கள்."

அறையை விட்டு வெளியே வந்தபோது மிஸ் டன்லப் பின்னாலேயே வந்தார். நூலகத்துக்கு வரச் சொன்னார். சோப்புக் கொடுத்து இரண்டு தரம் கை கழுவ வைத்தார். ஒரு பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

"முதல் ஏட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றையும் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்."

அன்று மத்தியானம் முழுக்க அந்தப் புத்தகத்தை என் கையால் புரட்டினேன். இது மயிர்ப் பக்கம், மஞ்சள் அடித்திருக்கிறது. இது சதைப் பக்கம், வெள்ளை. இது முதுகு. இது வயிற்றுப் பக்கம், அதனால்தான் அலை அலையாகச் சுருங்கியிருக்கிறது. ஓர் ஏட்டில் கத்தி பட்டுக் கிழிந்த இடத்தை யாரோ நூலால் தைத்திருந்தார்கள். இன்னொன்றில் முட்டை வடிவத்தில் ஓர் ஓட்டை. துறவி அந்த ஓட்டையைச் சபிக்கவில்லை. பாதி வார்த்தையை இந்தப் பக்கமும் பாதி வார்த்தையை அந்தப் பக்கமுமாக எழுதித் தாண்டிப் போயிருந்தான்.

அந்த ஓட்டை இருந்த பக்கத்தில் என்ன வசனம் என்று கேட்பீர்கள். வார்த்தை மாம்சமாகி மனிதனாக வந்தது என்ற இடம் என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்படி இல்லை. அது இயேசுவின் வம்ச வரலாறு. இவன் அவனுக்கு மகன், அவன் இன்னொருவனுக்கு மகன் என்று வரிசையாகப் போகுமே, சபையில் வாசிக்கும்போது பாதிப் பேர் தூங்கிவிடுவார்களே, அதுதான். கதைக்காக நான் சேர்த்தது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். எழுதிக்கொண்டிருந்த மிஸ் டன்லப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை பேரைத் தாண்டித்தான் தேவகுமாரனே வந்தார். ஒருவர் பெயரையும் விடவில்லை. அதில் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள், விபசாரம் செய்த ராஜா இருக்கிறான். அவர்களையெல்லாம் எழுதிவிட்டார்கள். ஒரு தப்பு சின்னானை எழுத எனக்குத்தான் மனம் வரவில்லை. என் கண்ணீர் ஏட்டில் விழுந்துவிடப் போகிறதே என்று எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

ரைட்டர் கையெழுத்து

அப்பாவுக்கு எழுதுவது கமிட்டிக்கு எழுதுவதைப் போல அத்தனை சுலபம் இல்லை.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டுவது யார் தெரியுமா? சபாபதி ரைட்டர்தான். எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார். அப்பா கீழே முற்றத்தில் நிற்பார். ரைட்டர் கெட்டவர் இல்லை, கேட்டபோதெல்லாம் படித்துக் காட்டுவார். ஆனால் அவர் வைத்திருக்கும் பித்தளைச் சொம்புப் பக்கம் எங்கள் ஆட்கள் யாருடைய நிழலும் விழக் கூடாது. எங்கள் கையால் அவர் எதையும் வாங்க மாட்டார். கடிதத்தைக்கூட அப்பா படிமேல் வைத்துவிட்டு விலகின பிறகுதான் எடுப்பார்.

யாரை என் அப்பா என்று பொய் சொன்னேனோ, அவர் வாயாலேயே அதை என் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலாவதில் எல்லாவற்றையும் எழுதினேன். மனு, அடிவாரம், கப்பல், தோல், தையல், ஓட்டை, வம்ச வரலாறு. உங்கள் கையைப் போன்ற ஒரு கை வழித்த தோல்மேல்தான் அப்பா, வேதம் இருக்கிறது என்று எழுதினேன். மன்னிக்கச் சொல்லி எழுதினேன்.

கமிட்டியின் பதில் முதலில் வந்தது. கண்டித்துவிட்டு, இருந்து படிக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்பா பதில் போடாமலே இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நாள் முழுக்க அதே யோசனை. கடைசியில் அப்பாவின் பதில் பனி உருகின பிறகு வந்தது. ரைட்டருடைய குண்டு குண்டான கையெழுத்து. வழக்கமாக அப்பா சொல்வதை அவர் தம் நடையில் திருத்தி எழுதுவார். இந்தத் தடவை திருத்தவே இல்லை.

"கண்ணு சாமுவேலு, நானும் உங்கம்மாளும் நல்லா இருக்கறோம். உன்ற கடுதாசிய ரைட்டரய்யா படிச்சுக் காட்டுனாரு. நான் சொல்றத அப்படியே எழுதோணும்னு கேட்டுக்கிட்டேன். அடிவாரத்துல நான் போயிட்டு வாங்கன்னு சொன்னது உன்ற மேல கோவத்துல இல்ல. உனக்குச் சுளுவா இருக்கட்டும்னுதான். அதைய மனசுல வெச்சுக்காத. நீ என்ற மவன்தான், எங்க போயி என்ன எழுதிக் குடுத்தாலும்.

"வெள்ளாடுன்னு நீ சொன்னது சரி. உண்ணித் தழும்பு எத்தன வழிச்சாலும் போவாது. கிழிஞ்ச எடத்துல தையலுன்னு எழுதியிருக்கற, அது தோலு காயறதுக்கு முந்திப் போட்டதா பிந்திப் போட்டதான்னு எழுதல. பாத்து எழுது.

"பாதிக்கு மேல படிக்க ரைட்டரய்யாவுக்குக் கொரலு வரல. அவரு சொம்புல தண்ணி இல்ல. நான் நம்ம ஊட்டுக்குப் போயிக் கொண்டாந்து நீட்டுனேன். என்ற கையிலிருந்தே வாங்கிக் குடிச்சாரு."

கடிதம் அங்கே முடிந்திருந்தது. கீழே அப்பாவின் கட்டை விரல் ரேகை.

அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தரம் படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மை தீர்ந்து போகப் போக, தொட்டுத் தொட்டு நிதானமாக எழுதியிருந்தார் ரைட்டர். அந்த வரியை அவர் எழுதாமலே விட்டிருந்தாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.